சாயமிட்ட கருவா, ஒளிரும் கருவா?

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் ஒற்றைச் செல் கரு ஏறக்குறைய 50 மைக்ரான் நீளமுடையது. அதற்குள் ஒரு புரதம் எங்கே தங்குகிறது என்பதை அறிய, கருவை உறையவைத்து, அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தோடு செலுத்திச் சாயமிடலாம். அல்லது புரதத்தோடு ஜிஎஃப்பி என்னும் ஒளிரும் புரதத்தை மரபணு வழியே இணைத்து, உயிருள்ள கருவிலேயே பார்க்கலாம்.

செல்லின் முன்பின் திசையைத் தீர்மானிக்கும் பார் புரதங்களுள் பார்-3 முன்முனையிலும் பார்-1, பார்-2 ஆகியவை பின்முனையிலும் செல்லின் புறவிளிம்பை ஒட்டி அமைகின்றன என்பதை 1990களில் காட்டியது முதல் வழிதான். முட்டை சுமந்த புழுவை நீர்த்துளியில் வெட்டி, வெளிவரும் கருக்களை மூடுகண்ணாடியால் லேசாக அழுத்தி, உலர்பனியின் மேல் உறையவிட்டு, மூடுகண்ணாடியைப் பிளேடு முனையால் ஒரே தட்டில் தெறிக்கவிட வேண்டும். எதிர்ப்பொருளை உள்ளே விடாத முட்டை ஓடு அப்போதுதான் பிளக்கும். கை பழகும்வரை கருக்களில் பல மூடுகண்ணாடியோடு போய்விடும். ஆயினும் புரதத்தோடு வேறெதையும் இணைக்காமலே பார்க்க முடிவது இம்முறையின் பெரும் பலம். ஆனால் அப்புரதத்துக்கான மரபணுவை நீக்கிய கருவிலும் ஒளிர்வு மறையவில்லை என்றால், எதிர்ப்பொருள் வேறெதையோ பற்றியிருக்கிறது என்று பொருள்.

1994இல் மார்ட்டின் சால்ஃபி குழுவினர் ஜிஎஃப்பியை ஒளிரவைத்துக் காட்டிய உயிரிகளுள் இப்புழுவும் ஒன்று. ஆனால் தொடக்கக் கருவுக்கு அது உடனே கைகொடுக்கவில்லை. அங்குள்ள புரதங்களும் தூது ஆர்என்ஏக்களும் பெரும்பாலும் தாய் இட்டுவைத்தவை, வெளியிலிருந்து பல நகல்களாகச் செலுத்திய மரபணுக்களையோ தாயின் இனச்செல்கள் அடக்கிவிடும். பின்னர் வந்த ஜிஎஃப்பி புழு வகைகள் பலவற்றில், தாயின் இனச்செல்களில் இயங்கும் பை-1 மரபணுவின் ஊக்கியையும் (மரபணுவை இயக்கிவைக்கும் பகுதி), அதன் தூது ஆர்என்ஏவின் பின்கோடியில் புரதமாக மாறாத பகுதியையும் கடன் வாங்கினார்கள். புரதம் எங்கே, எப்போது உருவாக வேண்டும் என்பதை அப்பகுதியே பெரிதும் தீர்மானிப்பதால், பழைய படங்களை நான் சற்று ஐயத்தோடே பார்ப்பேன். 2013 முதல் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறை வழியே மரபணுவின் சொந்த இடத்திலேயே இணைக்க முடிவதால் அந்தக் குறை பெரிதும் நீங்கியது.

ஒளிரும் கருவின் அருமை, ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்த பி-துகள்களில் விளங்கும். சாயமிட்ட படங்களை வரிசையாக அடுக்கினால், முதலில் கரு முழுவதும் பரவியிருந்த துகள்கள் முதல் பிரிவுக்குள் பின்பாதியில் சேர்ந்துவிடுவது தெரியும். அவை அங்கே நகர்ந்து சென்றனவா, முன்பாதியில் அழிந்துபோயினவா என்பதை அப்படங்களால் உறுதியாகச் சொல்ல இயலாது. 2009இல் இத்துகள்களிலுள்ள பிஜிஎல்-1 புரதத்தை ஜிஎஃப்பியோடு நேரலையாகப் பார்த்தவர்கள், அவை திரவத் துளிகள்போல் நடந்துகொள்வதையும், முன்புறம் கரைந்து பின்புறம் திரள்வதையும் கண்டார்கள்.

ஜிஎஃப்பிக்கும் குறை உண்டு. உருவான பிறகு ஒளிரத் தொடங்க அதற்கு நேரம் வேண்டும். இரு செல் நிலையிலோ அடுத்த பிரிவு சுமார் 15 நிமிடங்களில் வந்துவிடுகிறது. தாய் முன்பே இட்ட புரதத்துக்கு இது தடையில்லை, கருவே புதிதாக ஆக்கும் புரதத்துக்குத் தடைதான். இணைப்பு புரதத்தின் வேலையைக் கெடுக்கவும் கூடும். இன்றியமையாத புரதமானால் முட்டைகள் பொரிக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதே அதற்கு எளிய சோதனை.

எனவே தாய்வழிப் புரதமானால் கிரிஸ்பர் இணைப்பையே முதலில் தேர்வேன். கரு புதிதாக ஆக்குவதானால் எதிர்ப்பொருளை நாடுவேன். கிரிஸ்பர் இணைப்பில் கிடைத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இணைப்பற்ற சாதாரணப் புழுவின் கருவில் எதிர்ப்பொருள் ஒருமுறையேனும் அதே இடத்தைக் காட்டியிருக்கிறதா என்று கேட்காமல் ஏற்கமாட்டேன்.