கட்டுப்படியாகாத சின்ன நாய்: வைத்துக்கொள்வதா, தத்து கொடுப்பதா, காப்பகமா?

"செலவு தாங்கலை, யாராச்சும் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தச் செலவு என்பதுதான். கருப்பையில் சீழ் பிடித்து ஆபரேஷன் என்று ஒரே நாளில் தலையில் விழுந்த பில்லா? சாப்பாடு, உண்ணி மருந்து, முடி வெட்டு என்று மாதாமாதம் கரைகிற பணமா? இல்லை, ஹவுஸ் ஓனர் நாய் கூடாது என்று சொல்லி, வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட முடியாத நிலையா? ஒருமுறை வந்த பில்லுக்காக நாயை அனுப்பத் தேவையில்லை. மாதச் செலவை நன்றாகவே இறக்கலாம். வீடே இல்லை என்றால்தான் தத்து. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் வட சென்னையில் பல வெள்ளைப் பாம்களும் (பொமரேனியன்) ஷிட்சு வகைச் சடைநாய்களும் தேவையில்லாமல் வீடு மாறுகின்றன.

வைத்துக்கொண்டே செலவைக் குறைப்பது

ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்கு வேப்பேரி கைக்கெட்டும் தூரம். 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. தோல், கண், இதயம் என்று தனித்தனிப் பிரிவுகளும் உண்டு. விலை பணமாக அல்ல, நேரமாகப் போகும். அது படிப்பிக்கும் ஆஸ்பத்திரி. மாணவர் பார்த்து, பிறகு பேராசிரியர் பார்த்து, ரத்தப் பரிசோதனை எழுதி முடிய அரை நாள் ஆகும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குவது நல்லது. பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோனால் அதே பரிசோதனைக்கு இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டாம். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கிளை ஆஸ்பத்திரி இன்னும் அருகில்.

வெறிநாய் ஊசியை மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். வட சென்னைக்குத் திரு.வி.க. நகரும் புளியந்தோப்பும் வசதி. நாய் வளர்க்க மாநகராட்சியிடம் எடுக்கும் ஆண்டு உரிமத்துக்கு 50 ரூபாய். ஆனால் வெறிநாய் ஊசியோடு நிறுத்தக் கூடாது. மழைக்குத் தண்ணீர் தேங்கி எலி வளையெல்லாம் மூழ்கும் தெருக்களில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும்; மனிதருக்கும் தொற்றும். கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். 7 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 முதல் 480 கலோரி போதும். வெந்த சோறு 150 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 100 கிராம், ஒரு முட்டை: கணக்கு முடிந்தது. இதில் முக்கியமாகக் குறைவது சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மையாகப் பொடித்து நாளுக்குக் கால் டீஸ்பூன் கலக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்தான். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு கூடாது. டீக்கடைப் பொறையையும் பாலையும் மட்டும் கொடுத்து வளர்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது மலிவுதான். ஆனால் மைதாவில் நாய் கொழுக்குமே தவிர தசை பிடிக்காது. ஏற்கெனவே இருமுகிற பாமுக்கு உடம்பு கூடினால் மூச்சு இன்னும் திணறும்.

மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. ஒன்று, மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை வாங்கிக் கண்ணளவில் தண்ணீர் கலந்து குளிப்பாட்டுவது. சின்ன உடம்பில் அளவு தப்பினால் நடுக்கம், வலிப்பு வரை போகும். மாதம் ஒருமுறை பின்கழுத்தில் ஊற்றும் சொட்டு மருந்து, எடைக்கேற்ற அளவில் வாங்கினால் போதும். இரண்டாவது, நம் வீட்டு வலி மாத்திரையைக் கொடுப்பது. ஐபுப்ரோஃபென் ஒரு மாத்திரையே சின்ன நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கப் போதும்.

தெரிந்தவரா, தெரியாதவரா

தத்து கொடுப்பதென்று முடிவானால், நாயை ஏற்கெனவே தெரிந்த ஆள்தான் முதல் தேர்வு: மாடி வீட்டு அக்கா, டியூஷன் வரும் பையனின் வீடு, பண்டிகைக்கு ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ளும் அத்தை. நாய்க்கு அந்த வாசனை பழக்கம். திரும்ப வாங்குவதும் எளிது. இதில் இருக்கும் தொல்லை முகதாட்சண்யம். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு, மூன்றே மாதத்தில் மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் கட்டிப்போடுவார்கள். சப்பை மூக்கு பக் நாய்க்கு மே மாதத்தில் அது மரண தண்டனை. இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும், அந்த மூக்கில் காற்றே சரியாகப் போகாது. ஆகவே சொந்தக்காரர் என்றாலும் பகலில் நாய் எங்கே இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுங்கள்.

சொந்தம் வெளியூரில் என்றால் ரயில் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பே எனும் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் முதல் வகுப்பில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். கோடைப் பகலில் சின்ன நாயை அதில் அனுப்புவதைவிட, செலவானாலும் இரவில் கார் பிடித்துப் போகலாம்.

தெரியாதவருக்குக் கொடுப்பதில் பரப்பு பெரிது. நல்ல வீடு அமையும் வாய்ப்பும் கூடவே இருக்கிறது. ஆனால் "பொமரேனியன் பெண், இலவசம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்ட ஒரு மணி நேரத்தில் வரும் போன் பெரும்பாலும் குடும்பத்துடையது அல்ல. குட்டி போட்டு விற்பவருக்கு, கருத்தடை செய்யாத பெண் நாய் சும்மா கிடைப்பது லாட்டரி. இதற்கு ஒரே பூட்டு, கொடுப்பதற்கு முன்பே கருத்தடை. ஆபரேஷனுக்குப் பிறகு தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயமும் அதோடு போகும். புதிய வீட்டுக்கு வரவிருந்த பெரிய பில் ஒன்று குறைகிறது. பதிவிலேயே "கருத்தடை ஆனது, வீட்டை நேரில் பார்த்த பிறகே தருவோம்" என்று எழுதினால் வருகிற போன் பாதியாகும். அது நல்லதுதான்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது? வாடகை வீடு என்றால் ஓனருக்குத் தெரியுமா? பகலில் வீட்டில் யார்? முதல் கேள்விக்கு "ஓடிப்போச்சு" என்று இரண்டு முறை பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

காப்பகம்

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். நம் கணக்கில் இது கடைசி. நகரத்துக் காப்பகங்கள் அடிபட்ட, நோயுற்ற தெருநாய்களால் நிரம்பியிருக்கும். மடியில் தூங்கிப் பழகிய 4 கிலோ ஷிட்சு அந்தக் கூட்டத்தில் சாப்பாட்டுக்குப் போட்டி போடாது. கூட்டுத் தடுப்பூசி தவறியிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிர்க்கொல்லித் தொற்றுகள் எளிதில் ஒட்டும். வீட்டுக்காரர் மருத்துவமனையில், கூட யாருமே இல்லை என்பது போன்ற நெருக்கடிக்குத்தான் இந்தக் கதவு. அப்போதும் நேரே போய் இடத்தைப் பார்த்து, ஊசி அட்டையைக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டும். கேட்டுக்கு வெளியே கட்டிவிட்டு வருவது ஒப்படைப்பது ஆகாது. அதைவிட, ஒரு மாதம், இரண்டு மாதம் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலரைத் தேடுவது மேல். தீவனத்தை நீங்கள் வாங்கித் தந்தால் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சந்தையில் விற்பதையும் தெருவில் விடுவதையும் தேர்வுகளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், சிரிப்புக்குரிய தொகை. ஆனால் தண்டனை நாய்க்குத்தான் விழும். ஒவ்வொரு தெருவும் ஏதோ ஒரு நாய்க்கூட்டத்தின் எல்லை. புதிதாக வந்த வீட்டு நாயை அவை சும்மா விடாது.

வயதைப் பார்த்து வரிசை மாறும்

மூன்று வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான நாய்க்கு, தெரியாத குடும்பத்திலும் நல்ல வீடு அமையும். பத்து வயது தாண்டி, இதய மாத்திரையில் ஓடும் நாயை வெளியாள் எடுப்பது அபூர்வம். எடுத்தாலும் இடமாற்றமே அதைச் சாய்த்துவிடலாம். அந்த நாயை நீங்களே வைத்துக்கொண்டு, மருந்துச் செலவைச் சொந்தபந்தம் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்வதே சரி. நோயை மறைத்துத் தத்து கொடுக்காதீர்கள். மாத்திரை ஒரு வாரம் நின்றாலே விஷயம் வெளியே வந்துவிடும், நாய்க்குத்தான் கேடு.

கைமாற்றும் நாள்

காலையில் கொடுங்கள், இரவில் வேண்டாம். ஊசி அட்டை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, ஒரு வாரத்துக்குப் பழைய சாப்பாடு, துவைக்காத பழைய போர்வை எல்லாம் கூடவே போகட்டும். சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். புதியவர்கள் அதை நோய் என்று பயந்து திருப்பி அனுப்புவார்கள்.

அதிகம் தவறுவது முதல் மூன்று நாளில். பழைய வீடு இரண்டு தெரு தள்ளி என்றால், கதவு திறந்த நொடியில் நாய் அங்கே ஓடும். திருவொற்றியூர், மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையைக் கடந்தும் ஓடும். கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என இரண்டு கயிறு போட்டே இரண்டு வாரம் வெளியே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்காரர் அந்த இரண்டு வாரமும் நேரில் போகக் கூடாது. நீங்கள் போனால் அது அழைத்துப் போக வந்ததாக நினைத்து மறுபடி சாப்பாட்டை விட்டுவிடும். போனில் கேட்டுக்கொள்ளலாம்.

எழுதிக்கொள்ளும் தாளில் மூன்று வரி போதும்: 14 நாளுக்குள் ஒத்துவராவிட்டால் நம்மிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாது. இருவர் கையெழுத்து, தேதி. 14 நாள் தாண்டிய பிறகு மாநகராட்சி உரிமத்தையும், அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணோடு பதிவான பெயர், போன் எண்ணையும் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து நாய் காணாமல் போய் யாரோ ஸ்கேன் செய்யும்போது போன் உங்களுக்குத்தான் வரும், அதைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு வராது.