பைக்கா, ஸ்கூட்டரா? இரண்டையும் பல வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டில் ஒரு 125 சிசி பைக்கும் ஒரு 110 சிசி ஸ்கூட்டரும் பல வருடங்களாக இருக்கின்றன. எந்தச் சாவி முதலில் கைக்கு வருகிறதோ அந்த வண்டிதான் கிளம்பும். அதனால் மழை, வெயில், குண்டுகுழி எல்லாவற்றையும் இரண்டும் சமமாகவே பார்த்துவிட்டன. எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் மைலேஜையும் பிக்கப்பையும்தான் கேட்கிறார்கள். பராமரிப்பைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. பைக் தன் தேய்மானத்தை வாய்விட்டுச் சொல்லிவிடும். ஸ்கூட்டரோ மூடிக்குள் வைத்து மறைத்துவிடும்.

முதலில் மைலேஜை முடித்துவிடுகிறேன். என் கையில் பைக் லிட்டருக்கு 60-ஐ ஒட்டித் தருகிறது, ஸ்கூட்டர் 45-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பைக்கின் செயின் அதை அவ்வளவாக வீணாக்காது, ஸ்கூட்டரின் பெல்ட்டில் இழப்பு கூடுதல். தவிர, ஸ்கூட்டரின் டேங்க் ஐந்து லிட்டர் சொச்சம்தான். அடிக்கடி பங்க்கில் போய் நிற்கிற எரிச்சல்தான் மைலேஜைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஸ்கூட்டரில் கியர் இல்லை என்று சொல்கிறோமே, அந்த வேலையை இரண்டு புல்லிகளும் நடுவில் ஓடும் ஒரு பெல்ட்டும் பார்த்துக்கொள்கின்றன. முன் புல்லிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள் இருக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் நகர்ந்து புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி வேகமெடுக்கும். நாளாக ஆக ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் பெல்ட் முழு உயரத்துக்கு ஏறாது. எஞ்சின் கத்தும், வண்டி போகாது. இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவதற்கு நம் கையும் பழகி, ஆக்சிலரேட்டரைக் கூடுதலாகத் திருகிக்கொண்டே இருக்கும். இடது பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் கதை தெரியும்: உள்ளே கறுப்புத் தூள் அப்பியிருக்கும், பெல்ட்டின் பல் இடுக்கில் மயிரிழை போல வெடிப்பு ஓடும். பெரும்பாலான வண்டிகளில் 20,000 கிலோமீட்டரைத் தாண்டினால் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். அறுந்து நடுரோட்டில் நின்ற பிறகு மாற்றுபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, லீவர் இல்லாமல் எஞ்சின் வேகம் ஏறினால் தானாகவே பிடிக்கும் ஸ்கூட்டர் கிளட்ச். மேட்டுச் சாலை நெரிசலில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிளட்ச் கட்டைகள் சூடேறி மினுமினுத்துப் போவது அப்படித்தான். அதன் பிறகு வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும். பின் சக்கரத்துக்கான கியர் ஆயிலும் தனி. அளவு கொஞ்சம்தான், அதனாலேயே சர்வீஸில் மறந்துபோவது. இன்ஜின் ஆயிலோடு அதையும் கேட்டு மாற்றுங்கள்.

பைக்கில் இந்த ஒளிவு மறைவு கிடையாது. செயின் காய்ந்தால் சடசடக்கும், தொங்கினால் கியர் மாற்றும்போது ஒரு வெட்டு விழும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் சுமார் 25 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து ஆயில் விட்டால் போதும். கை அழுக்காகும், உண்மைதான். ஆனால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. ஸ்கூட்டரிலோ பின் டயர் பஞ்சரானால் பல மாடல்களில் சைலன்சரைக் கழற்றினால்தான் சக்கரமே வெளியே வரும்.

சக்கர அளவுதான் ஓட்டும் சுகத்தையே தீர்மானிக்கிறது. ஸ்கூட்டரின் பத்து அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 730 சுற்று சுற்றுகிறது, பைக்கின் பதினெட்டு அங்குலச் சக்கரத்துக்கு 520 சுற்றே போதும். ஸ்கூட்டர் டயர் சீக்கிரம் வழுக்கையாவதற்கு இது ஒரு காரணம். சின்ன சக்கரம் குழிக்குள் அப்படியே இறங்கும், பெரியது அதன் மேலே உருண்டு போய்விடும். பைக்கில் குழி வருவது தெரிந்தால் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் அது முடியாது, அடி நேராக முதுகெலும்பின் அடிக்குப் போகும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு ஸ்கூட்டர்தான் சௌகரியம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல ரோட்டில் சரி. மோசமான ரோட்டில் எனக்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது.

பிரேக் விஷயமும் அப்படியே. ஸ்கூட்டரில் எஞ்சின் பின் சக்கரத்தோடு சேர்ந்து இருப்பதால் முன்பக்கம் லேசு. மணலிலோ ஈர ரோட்டிலோ முன் பிரேக்கை அழுத்தினால் சட்டென்று வழுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வைக்கும் வசதி உள்ள வண்டியாக இருந்தால் நிம்மதி. மலை இறக்கத்தில் பைக் செகண்ட் கியரில் எஞ்சினாலேயே அடங்கி வரும். ஸ்கூட்டர் வேகம் குறைந்ததும் கிளட்சை விட்டு உருளத் தொடங்கும், பிறகு முழு பாரமும் பிரேக்கின் தலையில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு நாளின் சின்னச் சின்ன வேலைகளுக்கு நான் எடுப்பது ஸ்கூட்டரைத்தான். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச் பிடித்து இடது கை ஓய்ந்துபோவது இல்லை. காலடியில் மூட்டை, சீட்டுக்கடியில் ஹெல்மெட். எஞ்சின் சூடு ஏறும் என்பதால் போனையும் மாத்திரையையும் மட்டும் அங்கே போட வேண்டாம். காலைத் தூக்கிப் போட முடியாத வயதானவர்களும் ஓட்டலாம், பின்னால் ஒருபக்கமாக உட்காருவதற்கும் பைக்கைவிட இதுவே தேவலை. பேட்டரி படுத்துவிட்டால் மட்டும் பைக்கைப் போலத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஏனென்றால் எஞ்சின் ஓடாதவரை கிளட்ச் பிடிக்காது. கிக்கர் இல்லாத மாடல் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பைக்கில் செயினையும், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் பாருங்கள். பல் கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செட்டாக மாற்ற வேண்டிவரும். ஸ்கூட்டர் என்றால் வெறும் டெஸ்ட் ரைடை நம்பாதீர்கள். உதறல் இல்லாமல் நகர்கிறதா, சரிவில் டபுள்ஸ் இழுக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். அதோடு அந்த இடது பக்க மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.