தரைவீட்டின் வெளிச்சுவர்: அக்ரிலிக்கா, நெகிழ்பூச்சா, சிலிக்கேட்டா, டைல்ஸா?

வெளிச்சுவருக்குப் பூச்சு வாங்கப் போனால், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதைத்தான் கடைக்காரர் முதலில் சொல்வார். சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன் பகுதியில் ஈரடுக்கு வரிசைவீடு ஒன்றை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பராமரித்து வரும் எனக்கு, அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. சுவருக்குள் புகுந்துவிட்ட ஈரம் அந்தப் பூச்சின் வழியே வெளியேற முடியுமா? பூச்சு கெடத் தொடங்கினால் அது கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தபின் கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா? இங்கே தரைவீட்டுக்காரர்கள், அதாவது அடுக்குமாடியில் அல்லாமல் நிலத்தோடு கூடிய வீட்டில் இருப்பவர்கள், பரிசீலிக்கும் பூச்சு வகைகளை இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே ஒப்பிட விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்கள். காற்றின் ஈரப்பதம் நீண்டகாலச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகளின் நிழலில், வெயில் படாத சுவர் முழுமையாகக் காய்வதற்கு முன்பே அடுத்த மழை வந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே சுவர் கறுக்கிறது. அந்தக் கறுப்பைப் பலரும் புழுதி என்றோ வாகனப் புகை என்றோ நினைக்கிறார்கள், பெரும்பகுதி பாசிதான். செங்கல் நிறத்தில் படரும் திட்டுகள்கூட துரு அல்ல, டிரென்டிபோலியா என்னும் ஒருவகைப் பாசி.

முதலில் அக்ரிலிக் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் வழக்கமான பெயிண்ட். பெரும்பாலான தரைவீடுகளில் இருப்பது இதுவே. இரண்டு கோட் அடித்துக் காய்ந்தபின் அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்த மெல்லிய படலம் மழைநீரைத் தடுத்தாலும், சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறப் பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. பாசியைத் தடுக்கும் எமல்ஷனுக்கு எஸ்எஸ் 345 என்ற சிங்கப்பூர்த் தர அளவீடு இருக்கிறது. டின்னில் அதைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் பாசியைக் கொல்லும் மருந்து மழையில் சிறிது சிறிதாகக் கரைந்து போவதால், பூச்சு கெடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுவர் மீண்டும் கறுக்கத் தொடங்கும். அதை வைத்துப் பெயிண்ட் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அக்ரிலிக் கெடும் விதமும் மறைவானதல்ல: நிறம் மங்கும், உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும், பிறகு ஆங்காங்கே உரியும். உரிந்த இடத்தைச் சுரண்டி, சீலர் என்னும் அடிப்பூச்சு அடித்து, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் பூசிக்கொள்ளலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு, அவற்றைப் பராமரிக்கும் நகர மன்றங்கள் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு செய்வதைப் பார்க்கும்போது, தரைவீட்டுக்காரரும் அதே கால அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நியாயமாகவே தோன்றுகிறது.

நெகிழ்பூச்சு, அதாவது ரப்பர் போல் இழுபடும் எலாஸ்டோமெரிக் பூச்சு, இதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமனாக அடிக்கப்படுவது. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் சுவரில் தலைமுடி அளவு விரிசல்கள் விழுந்தால், பூச்சும் கூடவே இழுபட்டு அவற்றை மூடி வைக்கும். காற்றோடு சாரல் நேராக வந்து மோதும் ஓரவீட்டுப் பக்கச்சுவருக்கு, சிமெண்ட் பூச்சில் நுண்விரிசல்கள் இருக்குமானால், இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆனால் அதன் வலிமையே அதன் ஆபத்தும். எங்கள் பின்சுவருக்கு ஒரு குத்தகையாளர், சுவரின் ஈரத்தைச் சோதிக்காமலேயே, நீண்டகால உத்தரவாதத்தோடு நெகிழ்பூச்சு அடித்துக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டுக்குள் சுவரில் உள்ளங்கை அகலத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றைக் குத்தியபோது தண்ணீர் வழிந்தது. மாடிக் குளியலறைக் குழாயிலிருந்து சுவருக்குள் நீர் கசிந்திருக்கிறது. பழைய அக்ரிலிக் பூச்சாக இருந்திருந்தால் இரண்டு மூன்று மாதத்திலேயே கறையாகவும் உப்புப் பூத்தும் அது என் கண்ணில் பட்டிருக்கும். தடித்த படலம் அதை ஒன்றரை ஆண்டு மறைத்து வைத்ததால், உள்ளிருந்த சிமெண்ட் பூச்சும் ஊறிப் பிடிப்பை இழந்து, கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசவேண்டியதாயிற்று. உத்தரவாதத்தைக் காட்டியபோது, உள்ளிருந்து வரும் ஈரத்துக்கு அது பொருந்தாது என்ற வரி அந்தத் தாளிலேயே இருந்தது. நான் வாசித்திருக்க வேண்டும். ஆனால் வேலை தொடங்கும் முன் அதைச் சொல்வது அவர் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நெகிழ்பூச்சு அடிக்க நினைப்போர் முதலில் குளியலறைச் சுவரையும், கூரைத் தாழ்வாரக் குழாயையும், கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றால் அந்தச் சுவருக்கு இன்னும் எந்தப் பூச்சும் வேண்டாம். புதிதாகப் பூசிய சிமெண்ட்டையும் அதுபோலவே குறைந்தது 28 நாள்கள் விட்டுவைத்து, காரத்தைத் தாங்கும் சீலர் அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும்.

சிலிக்கேட் பூச்சு வேறொரு வழியில் வேலை செய்கிறது. 1878ஆம் ஆண்டு ஜெர்மனியின் பவேரியாவில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற இந்த முறையில், நீர்க்கண்ணாடி எனப்படும் பொட்டாசியம் சிலிக்கேட் கரைசல் சுவரின் சுண்ணாம்போடும் சிமெண்ட்டோடும் வினைபுரிந்து அதனோடு ஒன்றிப்போகிறது. மேலே படலம் எதுவும் இல்லாததால் கொப்புளம் வராது, உரியாது. ஈரம் தடையின்றி வெளியேறும். அதன் காரத்தன்மையில் பாசியும் எளிதில் வேர்கொள்வதில்லை. என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தப் பூச்சிடமும் இல்லை. இருந்தும் நம்மில் பெரும்பாலோருக்கு இது எட்டாததற்கு விலை மட்டும் காரணமில்லை. ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த சுவரில் இது பிடிக்காது. பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

சிலிக்கேட்டும் சுண்ணாம்பும் உண்மையில் அவசியமாவது, கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கடைவீடுகளுக்கு. 1989ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சி, வெளியே விட்டு, அப்படியே நூறாண்டு நின்றிருக்கின்றன. அத்தகைய சுவரைச் சிமெண்ட்டாலும் தடித்த படலத்தாலும் மூடுவது அதன் மூச்சை அடைப்பதாகும்: ஈரம் மேலே மேலே ஏறி, உப்பு செங்கல்லையே பொடியாக்கிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் ஊர் வழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. சுண்ணாம்பு மழையில் கரைவதால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது, புதுச் சுண்ணாம்பு பூஞ்சணத்தையும் அண்டவிடவில்லை. சிங்கப்பூர் மழைக்குச் சுண்ணாம்பு விரைவில் மெலிந்துவிடும் என்பது உண்மைதான். அதை ஆண்டுதோறும் அடிக்க ஆளும் மனமும் இல்லாதவர்கள் சிலிக்கேட்டுக்குப் போகலாம். பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின், வேலைக்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வீடுகள் சிலவற்றில் ஷாங்காய் பூச்சு இருக்கும்: சிமெண்ட்டோடு சிறு கற்பொடிகளைக் கலந்து பூசி, மேற்பரப்பைக் கழுவி, கல் தெரியவிட்ட சொரசொரப்பான முகப்பு. அதற்குப் பெயிண்ட் தேவையே இல்லை. உங்கள் வீட்டில் அது இருந்தால், தயவுசெய்து அதன்மேல் எதையும் அடிக்காதீர்கள்.

டைல்ஸ் போட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கழுவ எளிது, பாசி குறைவு, அதில் மறுப்பில்லை. ஆனால் மதிய வெயிலில் கொதித்த சுவர் திடீர் மழையில் குளிரும்போது டைல்ஸும் சிமெண்ட்டும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. பல ஆண்டுகள் கழித்துப் பிடிப்பு விட்டுப்போவது வெளியே தெரிவதில்லை. சிறு சுத்தியலால் தட்டி, வெற்றோசை கேட்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். 2022 ஜனவரி முதல், 20 ஆண்டுகளைக் கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் முகப்பை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யவேண்டும் என்பது விதி. குடியிருக்கும் தரைவீடுகள் அதற்குள் வருவதில்லை. ஆகவே மாடிச் சுவரில் டைல்ஸ் பதித்தவர், கீழே நடப்பவர்களின் தலைக்குத் தாமே பொறுப்பேற்கிறார். வாசல் தூண், மதில், சேறு தெறிக்கும் அடிச்சுவர் ஆகியவற்றோடு டைல்ஸை நிறுத்திக்கொள்வதே நான் கொண்டிருக்கும் எல்லை. மரப்பலகை முகப்புக்கு ஆண்டுதோறும் எண்ணெயும் கரையான் கவலையும் உண்டு என்பதோடு விட்டுவிடுகிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், செலவில் பெரும்பங்கு சாரத்துக்கும் ஆள்கூலிக்குமே போகிறது. மலிவான பெயிண்டால் மிச்சமாகும் தொகை மிகச் சிறிது. சுவரைத் தயார்செய்வதில் குறைக்கும் இரண்டு நாள்களோ மிகப் பெரிய இழப்பு. கறுத்த சுவரை வீரியமான நீர்ப்பீச்சியால் அடிப்பதும் தவறு. விரிசல்களுக்குள் தண்ணீரை நாமே செலுத்துவதாகும். நீர்த்த குளோரின் கரைசலைத் தடவி, சிறிது நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். ஜன்னல் விளிம்புகளின் அடியில் நீரை வெட்டிவிடும் சிறு குழிவு இல்லாத வீடுகளில்தான் கறுப்புக் கோடுகள் கீழ்நோக்கி வழிகின்றன. சாரம் கட்டியிருக்கும்போதே அதைச் சரிசெய்துவிட்டால் எந்தப் பூச்சும் கூடுதல் நாள் நிற்கும்.

எங்கள் பின்சுவரில் குழாயை மாற்றி, நெகிழ்பூச்சைச் சுரண்டி, மழை குறைவான பிப்ரவரி மாதத்தில் அதை வெறுமையாகவே காயவிட்டோம். பிளாஸ்டிக் தாளில் துளி நிற்காமல் போக ஏழு வாரம் பிடித்தது. அதன்பிறகு சாதாரண அக்ரிலிக் இரண்டு கோட் அடித்திருக்கிறோம்.