ஐசியுவுக்கு எந்த பிராங்கோஸ்கோப்: கழுவி வைப்பதா, கழித்துவிடுவதா?

எங்கள் ஐசியுவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த இரண்டு பிராங்கோஸ்கோப்புகளில், அதாவது மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்களில், ஒன்று பழுதுபார்க்கப் போய்ப் பல வாரங்களாகத் திரும்பாத நிலையில், அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி கொள்முதல் குழுவுக்கு வந்தது. மருத்துவர் தரப்பில் அக்குழுவில் இருந்த நான், ஒருமுறை பயன்படுத்திக் கழித்துவிடும் வகையையே பரிந்துரைத்தேன். ஐசியுவைப் பொறுத்தவரை இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

படத்தெளிவிலும் உறிஞ்சு திறனிலும் கழுவிப் பயன்படுத்தும் கருவியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டியிலிருந்து திசு எடுக்கும் வேலைக்கு அதையே கேட்பேன். ஆனால் அடைத்த சளியை அகற்றவும், கடினமான இன்டியூபேஷனுக்கும் (மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாய் செலுத்துவதற்கும்), கழுத்து வழியே மூச்சுக்குழாயில் துளையிடும் டிரக்கியாஸ்டமியின்போது ஊசி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று பார்க்கவும் கழித்துவிடும் கருவியின் படம் போதும். கையில் எடையே இல்லை என்று முதலில் தயங்கிய சக மருத்துவர்கள், சில நோயாளிகளுக்குப் பயன்படுத்திய பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கழுவிப் பயன்படுத்தும் கருவியை நோயாளியிடமிருந்து எடுத்த உடனே, படுக்கையருகிலேயே சோப்புக் கரைசலை அதன் குழாய்வழியில் உறிஞ்சவிட வேண்டும். பிறகு கசிவுச் சோதனை செய்து, உள்ளே சளி காய்ந்து ஒட்டுவதற்குள் தூரிகை விட்டுத் தேய்க்க வேண்டும். அதன்பின் 2 சதவீதத்துக்கும் கூடுதலான குளுட்டரால்டிஹைடில் ஏறத்தாழ 20 நிமிடமோ, 0.55 சதவீத ஆர்த்தோதாலால்டிஹைடில் 12 நிமிடமோ ஊறவைத்து, அலசி, ஆல்கஹால் செலுத்தி, காற்றால் முழுவதும் உலர்த்தித் தொங்கவிட வேண்டும். பகலில் பயிற்சி பெற்றவர் இதைச் செய்துவிடுவார். அதிகாலை 2 மணிக்கு, இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் செவிலியரிடம் இத்தனை படிகளையும் பிழையின்றி எதிர்பார்ப்பது நியாயமில்லை. குழாய்வழியில் தங்கும் ஈரத்தில் கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால், அடுத்த முறை கிருமிநாசினியாலும் அவற்றை முழுமையாக நீக்க முடிவதில்லை. நோய் தொற்றுவது ஒரு ஆபத்து என்றால், கருவியில் இருந்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அடுத்தவரின் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) வளர்ந்து, இல்லாத நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க நேர்வது இன்னொரு ஆபத்து.

இந்தக் கவலை பிராங்கோஸ்கோப்போடு நிற்பதில்லை. சிறுகுடலின் தொடக்கப் பகுதிவரை செலுத்தும் டியோடினோஸ்கோப்புகள் வழியே கிருமி பரவிய நிகழ்வுகளுக்குப் பிறகு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015இல் தயாரிப்பாளர்களுக்கு ஆய்வு நடத்த உத்தரவிட்டது. முறைப்படி கழுவப்பட்ட கருவிகளிலும் கவலைக்குரிய கிருமிகள் எஞ்சியிருப்பதை அந்த ஆய்வுகள் காட்டின. முழுவதும் கழித்துவிடக்கூடிய முதல் டியோடினோஸ்கோப்புக்கு 2019 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. தொற்று பரவும் ஆபத்து கூடுதலாக உள்ள இடங்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிராங்கோஸ்கோப்பைப் பரிசீலிக்குமாறு 2021இல் அதே நிர்வாகம் கூறியது.

கொள்முதல் அதிகாரிகள் ஒரு முறைக்கு ஆகும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் மறுதட்டில் கழுவிப் பயன்படுத்தும் கருவியின் விலையை மட்டும் வைத்தால் கணக்கு சாயும். பழுதுச்செலவு, ரசாயனம், கழுவுபவரின் நேரம், ஒன்று பழுதாகும்போது கைவசம் இருக்க வேண்டிய மாற்றுக்கருவி எல்லாம் அதில் சேர வேண்டும். பயன்பாடு குறைவாகவும் நேரங்கெட்ட நேரத்திலும் வரும் ஐசியுவில் இந்தக் கணக்கு கழித்துவிடும் கருவியின் பக்கம் திரும்புகிறது. நாள் முழுவதும் சிகிச்சை நடக்கும் எண்டோஸ்கோபிக் கூடத்தில் திரும்புவதில்லை, அங்கே மாற்றச் சொல்லி நான் வாதாடவும் மாட்டேன். கொள்முதல் அதிகாரிகள் எழுப்பிய இரண்டு ஆட்சேபணைகள் சரியானவையே: படத்தைக் காட்டும் திரை ஒரு நிறுவனத்துடையது என்றால் கருவியையும் அவர்களிடமே வாங்க வேண்டியிருக்கிறது, பிளாஸ்டிக் கழிவும் பெருகுகிறது.

ஈஆர்சிபி (டியோடினோஸ்கோப் வழியே பித்தநாளத்துக்கும் கணையநாளத்துக்கும் செய்யும் சிகிச்சை), சிறுநீரகக் கல் சிகிச்சை ஆகியவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லாததால், அங்கே எது ஏற்றது என்பதை அத்துறையினரே சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் பழுதிலிருந்து மீண்ட கருவி நுரையீரல் துறைக்குப் போய்விட்டது. ஐசியு அலமாரியில் இரண்டு அளவுகளில் ஒருமுறைக் கருவிகள் இருக்கின்றன, அவற்றின் காலாவதித் தேதியை மாதந்தோறும் சரிபார்க்கிறோம்.