தேவாலாக் கிணற்று நீருக்கு ஒரு பரிசோதனை நிலையம்

1880களில் தங்கத்துக்காகக் குடையப்பட்ட நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பழைய சுரங்கக் கழிவுமேட்டுக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்கள், கூடலூரிலுள்ள இந்தத் தனியார் நீர்ப் பரிசோதனை நிலையத்தைத் தயங்காமல் நாடலாம்.

மாதிரி எடுக்கும் முறைதான் இவர்களின் பலம். வறண்ட மாதங்களில் கழிவுமேட்டினுள் காற்றும் ஈரமும் பட்டுப் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் ஆக்சிசனேற்றம் அடைய, கந்தக அமிலமும் கரையும் உப்புகளும் கல்லிடுக்குகளில் சேர்கின்றன. தென்மேற்குப் பருவத்தின் முதல் மழைநீர் பெருங்கற்களின் இடைவெளி வழியே விரைந்து இறங்கி அவற்றை ஒருசேரக் கழுவிக்கொண்டு வர, நுண்மண் அடுக்குகளில் தேங்கிய நீரோ வெகுநாள் கழித்தும் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஜூனில் ஒன்றும் மழை ஓய்ந்தபின் ஒன்றுமாக இரு மாதிரிகள் கேட்கிறார்கள். உலோகங்களுக்கான குப்பியை நைட்ரிக் அமிலத் துளிகள் விட்டே தருகிறார்கள். இல்லையேல் இரும்பு துருவாகப் படிந்து, கரைந்திருக்கும் நச்சுப்பொருளான ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும், அறிக்கையும் பொய்யாக நல்லதாக வரும்.

கட்டணப் பட்டியல்தான் உறுத்துகிறது. அடிப்படைத் தொகுப்பில் அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், சல்பேட், இரும்பு ஆகியவை மட்டுமே உண்டு. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் புழங்கிய மண்ணில், குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் கூடாத அதற்கும் ஆர்செனிக்குக்கும் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமாகப் படவில்லை. அந்தக் கட்டணத்தை முன்பே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.