காலி இருக்கைகளுக்கு நடுவே நல்ல ஆட்டங்கள்: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கித் தொடர் குறித்து ஒரு ரசிகரின் மதிப்புரை

ஹாக்கி என்றதும் தயான் சந்தும் புல்தரையும் நினைவுக்கு வருவது நமக்கு இயல்பு. இங்கே நான் மதிப்பிடப்போவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஆண்கள் ஐஸ் ஹாக்கி தேசியத் தொடரை. ஆட்டத்தின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோற்றால் அன்றோடு பருவம் முடிந்தது என்று தெரிந்து இருபது வயது இளைஞர்கள் ஆடும் வேகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் சந்தாவுக்கும் பணம் கட்டும் ரசிகருக்கு அந்த ஆட்டம் எந்த இடத்தில், எந்த வகையில் தரப்படுகிறது என்பதே என் கேள்வி. கடைசி நான்கு அணிகள் மோதும் ‘ஃப்ரோசன் ஃபோர்’ கொடுத்த காசுக்கு மேலேயே தருகிறது. அதற்கு முந்தைய இரண்டு சுற்றுகளோ, நடத்தப்படும் விதத்தால் மனத்தை வருத்துகின்றன.

2003 முதல் 16 அணிகள் இத்தொடரில் ஆடுகின்றன. அவை நான்கு நான்காகப் பிரிந்து நான்கு நகரங்களில், பெரும்பாலும் எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத அரங்குகளில் ஆட, ஒவ்வொரு நகரத்திலிருந்தும் ஓர் அணி மட்டும் அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது. நகரங்கள் நெடுநாள் முன்பே முடிவாகிவிடும். ஆனால் எந்த அணி எந்த நகரத்துக்குப் போகும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அறிவிக்கப்பட்டு, வியாழனோ வெள்ளியோ ஆட்டம் தொடங்கிவிடும். இந்த நான்கைந்து நாட்களுக்குள் விடுப்பு கேட்டு, விமான டிக்கெட் தேடி, விடுதி பிடித்துப் போய்ச் சேர்வது வேலைக்குச் செல்பவருக்கே கடினம். கையில் காசில்லாத மாணவருக்கு ஆகிற காரியமா?

2024இல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். மிஷிகன், மிஷிகன் ஸ்டேட், வெஸ்டர்ன் மிஷிகன் ஆகிய ஒரே மாநிலத்து அணிகள் மூன்றும் நார்த் டகோட்டாவுடன் சேர்த்து, மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த மேரிலாண்ட் ஹைட்ஸுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்த அரங்கில் ஏறத்தாழ 2,500 பேர்தான் அமர முடியும். அந்த நால்வர் பிரிவின் இறுதியாட்டத்தில் மிஷிகனும் மிஷிகன் ஸ்டேட்டும் மோதி, மிஷிகன் 5–2 என வென்றது. காரில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடக்கூடிய இரண்டு பல்கலைக்கழகங்கள், பரம்பரைப் போட்டியாளர்கள், இரண்டுக்கும் இதைவிட இரு மடங்கு பெரிய சொந்த அரங்குகள் உண்டு. அப்படியிருந்தும் வாழ்நாளில் மறக்க முடியாத ஓர் ஆட்டத்தை அவர்களுடைய மாணவர்களில் பெரும்பாலோர் விடுதி அறைத் திரையில்தான் பார்க்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நார்த் டகோட்டா மாநிலத்து ஃபார்கோவில் வேறொரு சிக்கல். அந்தப் பிரிவை நடத்திய நார்த் டகோட்டா அணி தொடருக்கே தகுதி பெறவில்லை. அங்கே முதல் தரநிலையில் வைக்கப்பட்ட வெஸ்டர்ன் மிஷிகனின் ரசிகர்கள் தங்கள் ஊரான கலமசூவிலிருந்து மிஷிகன் ஏரியைச் சுற்றி, விஸ்கான்சினையும் மினசோட்டாவையும் கடந்து வர வேண்டியிருந்தது. பிறகு கோப்பையை வென்றதும் அதே வெஸ்டர்ன் மிஷிகன்தான்.

இத்தகைய நடுநிலை அரங்கு ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் அமர்ந்திருந்தேன். முதல் ஆட்டம் தொடங்கியபோது என் வரிசையில் நான் ஒருவன்தான். கோல் காப்பாளர் மட்டையால் இடது கம்பத்தை ஒருமுறை, வலது கம்பத்தை ஒருமுறை தட்டிப் பார்க்கும் ஓசை இருபதாவது வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது. பயிற்சியாளர் அடுத்து களமிறங்க வேண்டிய ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்ததும் கேட்டது. ஆட்டத்தை நுணுகிப் பார்க்க அது ஓர் அரிய வாய்ப்பு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓவர்டைமில், அதாவது ஆட்டம் சமனானதால் தரப்பட்ட கூடுதல் நேரத்தில், விழுந்த வெற்றி கோலுக்குப் பிறகு அந்த இளைஞர்கள் கண்ணாடித் தடுப்பை நோக்கி ஓடி வந்து மேலே பார்த்தபோது, அவர்கள் பார்த்த இடத்தில் யாருமே இல்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டாக விற்கப்பட்ட டிக்கெட்டை நான் வாங்கியிருந்தேன். என் அணி முதல் நாளே தோற்றதால், இறுதி ஆட்டத்துக்கான பகுதி சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

கல்லூரிகளின் சொந்த அரங்குகளுக்கு முதல் சுற்றுகளைக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னால், அது நியாயமாகாது, சிறிய அணிகளுக்கு வாய்ப்பே இராது என்ற பதில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2006இல் ஹோலி கிராஸ் 4–3 என மினசோட்டாவை ஓவர்டைமில் சாய்த்தது மினசோட்டாவின் சொந்த ஊரான மினியாபொலிஸில் அல்ல, இரு தரப்புக்கும் சொந்தமில்லாத கிராண்ட் ஃபோர்க்ஸில். ஆயினும் பருவம் முழுவதும் உழைத்து உயர்ந்த இடம் பிடித்த அணிக்குச் சொந்த ஊர் ரசிகர்களின் முன் ஆடும் பரிசு கூடவா கிடைக்கக் கூடாது? பெண்கள் தொடரில் காலிறுதிகள் வரை கல்லூரி அரங்குகளிலேயே நடக்கின்றன. அதனால் அந்தக் கோப்பையின் மதிப்பு சிறிதும் குறையவில்லை. 2025 பெண்கள் இறுதியாட்டமே மினசோட்டா பல்கலைக்கழக வளாகத்தில், ஏறத்தாழ 3,400 இருக்கைகள் கொண்ட ரிட்டர் அரங்கில் நடந்தது. ஆட்டம் முடிய 18.9 விநாடிகள் இருக்கையில் கிர்ஸ்டன் சிம்ஸ் பெனால்டி ஷாட்டில் சமன் செய்து, ஓவர்டைமில் அவரே வெற்றி கோலும் அடித்து, விஸ்கான்சின் 4–3 என ஓஹாயோ ஸ்டேட்டை வென்ற ஆட்டம் அது. ஆண்கள் பக்கத்தில் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் குழுமம் செயின்ட் பாலிலும் டெட்ராய்டிலும் பெரிய அரங்குகளை நிரப்ப முடியாமல் 2018இல் தன் தொடரைக் கல்லூரி அரங்குகளுக்கே மாற்றியது. நெருக்கியடித்து உட்கார்ந்த 3,000 பேர் போடும் சத்தத்துக்கு, ஒன்பதாயிரம் இருக்கைகளில் சிதறிக் கிடக்கும் 3,000 பேர் ஒருநாளும் ஈடாக மாட்டார்கள்.

இந்தக் குறை ஒளிபரப்பிலும் அப்படியே தெரிகிறது. முதன்மைக் கேமரா அரங்கின் ஒரு பக்கத்தில் உயரத்தில் நிற்பதால், எதிர்ப்பக்க இருக்கைகள்தாம் ஆட்டம் முழுவதும் திரையின் பின்னணி. அவை காலியாக இருந்தால், புதிதாகப் பார்ப்பவர் இது யாரும் பொருட்படுத்தாத ஆட்டம் என்றே எண்ணி அலைவரிசையை மாற்றிவிடுவார். இத்தொடர் உட்பட 40 தேசியத் தொடர்களை 8 ஆண்டுகளுக்கு 92 கோடி டாலர் உடன்பாட்டில் இஎஸ்பிஎன் வைத்திருக்கிறது. எல்லா ஆட்டங்களும் நேரலையில் கிடைக்கின்றன என்பது பெரிய நிறைவு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்தச் சுற்றுகள் கூடைப்பந்துத் தொடர்களின் உச்சகட்ட வாரத்திலேயே வருவதால், ஆட்டங்கள் இஎஸ்பிஎன்2, இஎஸ்பிஎன்யு, இஎஸ்பிஎன்னின் இணையச் சேவை என்று சிதறுகின்றன. இங்கே ஓவர்டைம் என்பது ஒரு கோல் விழும்வரை இருபது இருபது நிமிடங்களாக நீளும். முந்தைய ஆட்டம் நீண்டால் அடுத்தது எங்கே தொடங்கும் என்று தேடுவதிலேயே முதல் கோல் போய்விடக்கூடும். மூன்றுக்கும் அனுமதி தரும் சந்தா இல்லாதவர்கள், தங்கள் அணி ஆடும் அலைவரிசையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ரோசன் ஃபோருக்கு வந்தால் காட்சியே மாறிவிடுகிறது. இது எங்கே நடக்கும் என்பது வெகு முன்பே தெரிவதால் ரசிகர்கள் தங்கள் அணி வந்தாலும் வராவிட்டாலும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தொடரில் இல்லாத கல்லூரிகளின் ஜெர்சிகளும் நடைபாதையெங்கும் தெரியும். அந்நியர்கள் ஜெர்சியைப் பார்த்தே பேச்சுக் கொடுக்கும் அந்த மூன்று நாட்களுக்காகவே நான் பணம் சேர்ப்பேன். 2024இல் செயின்ட் பாலில் டென்வர் பாஸ்டன் காலேஜை 2–0 என வென்று பத்தாவது கோப்பையைத் தூக்கியபோது அரங்கில் 18,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அரங்கு இன்னும் பெரிதானால் இன்னும் சிறக்கும் என்று சொல்ல மாட்டேன்: 2010இல் டெட்ராய்டின் ஃபோர்ட் ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 37,592 பேர் இறுதியாட்டம் பார்த்தார்கள், ஆனால் அத்தனை தொலைவிலிருந்து பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் சிறிய ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதே பாடு.

முதன்முறை செல்பவர்கள் கீழ்வரிசையைத் தேடாமல், மேல்தளத்தின் முன்வரிசையில் மூலையை ஒட்டி இடம் பிடியுங்கள். ஆட்டத்தின் போக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும், மாணவர் இசைக்குழுவும் கண்ணில் படும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதி சமனில் முடிந்தால் உணவு வாங்க எழுந்து போக வேண்டாம். 2023இல் டாம்பாவில் ஓவர்டைம் தொடங்கிய பத்தாவது விநாடியில் குவினிபியாக்கின் ஜேக்கப் குவில்லன் மினசோட்டாவுக்கு எதிராகக் கோல் அடித்துக் கோப்பையை முடித்துவைத்தார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளிருந்து வந்த ஆரவாரம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.