பூனை வீட்டிலிருந்து வந்த தொட்டில்: 14 மாத அனுபவம்

நண்பர் வீட்டில் இரண்டு பூனைகள், ஒன்று வெள்ளை, ஒன்று செம்பழுப்பு. அவர் பிள்ளை வளர்ந்துவிட்டதால் மரத் தொட்டில், டயப்பர் மாற்றும் மேசை, மெத்தை வைத்த ஆடும் நாற்காலி மூன்றையும் எங்களுக்குக் கொடுத்தார். "நல்லா துடைச்சுட்டேன்" என்றார். பொய்யில்லை, துடைத்திருந்தார். ஆனால் துடைத்தால் போகிற சாமானா பூனை முடி?

பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. முதல் நாளே நான் செய்த தப்பு, ஈரத்துணியை எடுத்தது. முடியெல்லாம் நூல் போலத் திரண்டு, தொட்டில் கம்பிகள் சட்டத்தில் சேரும் இடுக்குகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அதை ஊசியால் நெம்பி எடுக்க ஒரு முழு மாலை போனது. முதலில் உலர்ந்தபடியே வேக்யூம் போட வேண்டும், ஈரமெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாம் முறை தொட்டிலை முழுதாகக் கழற்றினேன். திருகாணித் துளைகளிலும் மெத்தை தாங்கும் பலகையின் அடியிலும்தான் பெரும்பகுதி இருந்தது. பழைய டூத்பிரஷால் தேய்த்து வேக்யூமின் ஒடுங்கிய முனையால் இழுத்தேன். பிறகு மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டேன். கழற்றிய கையோடு கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியையும் அளந்தேன். 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போகவில்லை. தொட்டில் மெத்தையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, அதைப் புதிதாகவே வாங்கினோம்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், என் மனைவிக்குப் பூனை ஒவ்வாமை உண்டு. அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: தும்ம வைப்பது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, பொடியாகப் பறக்கும். துணியிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொண்டால், பூனை போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். அதாவது கண்ணுக்கு முடி தெரியவில்லை என்பதால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் பழைய வேக்யூம் அந்தப் பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. ஹெப்பா ஃபில்டர் உள்ளதை இரவல் வாங்கிய பிறகுதான் மனைவி அந்த அறைக்குள் தும்மாமல் நின்றார். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது ஹெப்பாவுக்கான அளவுகோல்.

மெத்தைத் துணிக்கு இதுவரை நான் பார்த்ததில் சிறந்த கருவி, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைதான். லேசாக நனைத்து, ஒரே திசையில் இழுத்தால் கட்டைவிரல் பருமனுக்கு முடி உருண்டு வரும். ஒட்டும் ரோலர் கடைசிக் கட்டத்துக்குப் பரவாயில்லை. முழு நாற்காலிக்கும் அதையே நம்பினால் தாள் தீருமே தவிர முடி தீராது. உறைகளைத் துவைக்கும் முன் டிரையரில் சூடில்லாமல் பத்து நிமிடம் சுற்றவிட்டதும் நல்ல பலன் தந்தது. வலையில் கம்பளம் போல முடி படிந்திருந்தது.

இத்தனைக்கும் பிறகு, குழந்தை பிறந்து இரண்டாவது மாதம், நடுராத்திரி பாலூட்டும் நேரம். பாப்பா மூடிய கையை விரித்தால் விரலிடுக்கில் நீளமாக ஒரு செம்பழுப்பு முடி!

மறுநாள் நாற்காலியைக் கவிழ்த்தேன். அடியில் ஸ்டேப்பிள் அடித்த கறுப்புத் துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. டார்ச் அடித்தால் உள்ளே ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு படுக்கையே தயாராக இருந்தது. அந்தப் பூனை வெகுநாளாக அங்கே குடியிருந்திருக்கிறது. மூத்திர வாடையும் இருந்தது. இந்த வாடைக்கு, வாடை தரும் கழிவை நொதிகளால் சிதைக்கும் என்சைம் கிளீனர்தான் கேட்கும். பிளீச் ஊற்றிவிடாதீர்கள், மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். நானும் என்சைம் கிளீனரை மூன்று முறை அடித்தேன். வாடை குறைந்தது, வெயில் ஏறினால் திரும்ப எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளிருந்து நாலு முடி வெளியே வந்துகொண்டே இருந்தது.

14 மாதம் கழித்துச் சொல்கிறேன். மரச் சாமான்களை யார் வீட்டிலிருந்தும் தைரியமாக வாங்கலாம். தொட்டிலும் மேசையும் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. உறை கழற்ற முடியாத, பஞ்சு அடைத்த எதையும் பூனை வீட்டிலிருந்து நான் இனி வாங்க மாட்டேன். வாங்கத்தான் வேண்டும் என்றால், வாங்கும் இடத்திலேயே கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

நாற்காலியை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்று மாலையே படம் அனுப்பினார்: கிழிசல் வழியே ஒரு செம்பழுப்பு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.